இளஞ்சூடு

ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்றிப் படுக்கவைத்ததும் இரும்புக் கட்டிலே கடகடவென்று ஆடியது. அப்படி நடுங்கினாள் வீரலட்சுமி. பெண் குழந்தை, நல்ல எடை என்று வந்து சொன்னார்களே தவிர, பெற்றவள் இப்படிப் பல் கிட்டி வருவாள் என்று புருஷன் கருப்பசாமிக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சாத்தூரில் அவன் அக்காவும் பிள்ளை பெற்ற அன்றைக்கு இப்படித்தான் நடுங்கினாள். ஜன்னி என்றார்கள். மறுநாள் அவள் இல்லை.

"ஜன்னியெல்லாம் இல்லப்பா. முதுகுல ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணா ஒடம்புச் சூடு எறங்கிரும். போகப் போகச் சரியாயிரும்" என்று கம்பளியை இழுத்துவிட்டுப் போனாள் நர்ஸ் சாந்தம்மா.

ஓசூர் மார்கழிக்கு ஒரு கம்பளி எந்த மூலைக்கு? காலி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை ஆயாவிடம் கேட்டு வாங்கி, வெந்நீர் நிரப்பி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். இளஞ்சூடுதான். அவள் பாதத்தோடு ஒட்டி வைத்தான்.

"சூடு தாங்குதா?"

"ஒண்ணும் தெரியலையே."

போதவில்லை போலும் என்று இன்னும் நெருக்கி வைத்தான். அவன் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிப்காட் பட்டறையில் வருஷக்கணக்காக உலைமுன் நின்று காய்த்த கை அது. மற்றவர்கள் துணி வைத்துத் தூக்குவதை வெறுங்கையால் தூக்குவான். அந்தக் கையைப் போய் நம்பினான் மனுஷன்.

திரும்பி வந்த சாந்தம்மா பாட்டிலைத் தொட்டதும் விரலை உதறினாள். "என்னப்பா இது? இடுப்புக்குக் கீழ மரத்துக் கெடக்குது. சூடு அவளுக்கு எப்படித் தெரியும்?"

பாதத்தின் ஓரம் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. ஈரத்துணி போட்டு, இன்னொரு கம்பளியைத் தலையோடு சுற்றிவிட்டாள். கருப்பசாமி கைகளை அக்குளில் செருகிக்கொண்டு ஓரமாக நின்றான். அவளைத் தொடவே பயமாக இருந்தது.

"கையக் குடுங்க" என்றாள் அவளே.

கொடுத்தான். நடுக்கம் அவன் தோள்வரை ஏறியது. வெயில் ஜன்னலுக்கு வந்தபோது மெல்ல அடங்கியது. அடங்கியதும்தான் அவனுக்கு உயிரே போயிற்று. அக்காவும் கடைசியில் அடங்கித்தான் கிடந்தாள்.

"ஏங்க, காலு எரியுது."

"எங்க?"

"ஓரத்துல. சுரீர்னு எரியுது."

கருப்பசாமி தரையில் உட்கார்ந்து, அவள் குதிகாலை இரண்டு கையிலும் ஏந்தி ஊதினான். எரிகிறது என்கிறாள், இருக்கிறாள் என்று நினைத்ததும் ஊத முடியாமல் அழுகை வந்தது. வார்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆம்பிளை அழுவதாவது!

"விடுங்க, எல்லாரும் பாக்காக" என்று வெட்கத்தோடு அவள் காலை இழுக்கப் பார்த்தாள். மரத்த கால் இன்னும் வரவில்லை. கட்டைவிரல் மட்டும் அவன் உள்ளங்கையில் லேசாக அசைந்தது.