ட்ராய் திறந்த பூட்டு

வடக்கு டகோட்டாவில், கனடா எல்லையை ஒட்டி எங்கள் நிலம். அந்த ஆகஸ்டில் கோதுமை வெகு நாளைக்குப் பிறகு நன்றாக விளைந்திருந்தது. என் கணவர் வெர்னான் ஒரு கதிரைக் கசக்கி, உமியை ஊதி, மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஆர்டிஸ், இறங்கிடலாம்" என்றார்.

இறங்கிய மறுநாளே அறுவடை இயந்திரம் வயல் நடுவில் படுத்துக்கொண்டது. மெஷினை விற்ற ஏஜென்சியைக் கூப்பிடு என்று திரையில் ஒரு வரி. புகைக்குழாயில் இருக்கும் விரல் அளவு சென்சார் போய்விட்டது. வெர்னான் புதிதாக ஒன்று வாங்கி வந்து தானே மாட்டினார். ஆனால் இயந்திரம் அதை ஏற்கவில்லை. கம்பெனியின் லேப்டாப்பைச் செருகி, புதுச் சென்சாரின் எண்ணைப் பதிந்தால்தான் இயந்திரத்தில் இருக்கும் சிப் வழிவிடும். அதுவரை எஞ்சின் ஆமைபோல் ஊரும்.

"மெஷின் என்னுது. சாவி மட்டும் அவனுக கையில" என்று ஸ்பானரை வீசி எறிந்தார்.

ஏஜென்சிக்காரர்கள் அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார்கள். அறுவடைக் காலம், ஜில்லாவே அவர்களுக்காகக் காத்துக் கிடந்தது. பக்கத்து நிலத்து டுவெய்ன், "என்னுத முடிச்சதும் நம்ம மெஷின கொண்டாரேன்" என்றார். அவருக்கும் பாதி வயல் நின்றது.

அந்த ஏஜென்சியில்தான் எங்கள் ஒரே மகன் ட்ராய் மெக்கானிக். அந்த லேப்டாப் அவன் வண்டியிலேயே இருக்கும். ஆனால் ஆபீஸ் அனுப்பாத இடத்தில் அதைச் செருகக் கூடாது. வசந்தத்தில் யாரோ ஒரு சினேகிதனுக்காகச் செய்துவிட்டு, இன்னொரு தரம் செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எச்சரிக்கை வாங்கியிருந்தான். அந்த ஆகஸ்டில் அவன் மனைவி ஹெய்டி ஆறு மாத கர்ப்பிணி.

"அவன்கிட்ட மூச்சு விடாத. அவன் பொழப்புல நாம கை வைக்கக் கூடாது" என்றார் வெர்னான்.

மறுநாள் காலை ரேடியோவில், மேற்கே மொண்டானா பக்கமிருந்து ஆலங்கட்டி மழை வருகிறது என்றார்கள். வெர்னான் வயலோரம் போய்ச் சும்மா நின்றார். ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் மகனுக்குப் போன் செய்தேன்.

"அப்பா சொன்னாராம்மா?"

"இல்லடா. அவருக்குத் தெரியாது."

"சரி, வர்றேன்" என்றான்.

அவன் வண்டியைக் கண்டதுமே வெர்னானுக்கு முகம் சிவந்தது. "யாரு ஒன்னைக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல. அம்மா ஆப்பிள் பை சுட்ட வாசனை வந்துச்சு, வந்துட்டேன்."

"வண்டியத் திருப்பு."

"மேற்கால பாருங்கப்பா."

பார்த்தார். அடிவானம் கறுத்திருந்தது. விலகி நின்றார். ட்ராய் மேலே ஏறி வயரைச் செருகினான். நான் ஊற்றிய காபி ஆறுவதற்குள் எஞ்சின் முழுக் குரலில் எழுந்தது. இவ்வளவுதான் வேலை!

அவன் அத்தோடு போகவில்லை. தானிய லாரியை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கவாட்டிலேயே ஓட்டினான். மேகம் உடைந்தபோது கடைசி ஓரத்துத் துண்டு மட்டும் மிச்சம். அதை ஆலங்கட்டி தரையோடு அடித்துப் போட்டது. மற்றதெல்லாம் குதிருக்குள் சேர்ந்திருந்தது. கொட்டகையில் நனைந்து நின்று அப்பாவும் பிள்ளையும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ட்ராயை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எந்த மெஷினில், எப்போது செருகினான் என்று லேப்டாப்பே கம்பெனிக்குச் சொல்லியிருந்தது. மேனேஜர் கெட்டவர் இல்லை. "நான்னா பாக்காத மாதிரி இருந்திருப்பேன், ட்ராய். மேல பாத்துட்டாங்க" என்றாராம்.

வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. ஹெய்டிக்குப் பிரசவம் நெருங்கியது. சுற்று வட்டாரத்தில் வேறு ஏஜென்சி கிடையாது. நெவாடாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் லாரி பழுதுபார்க்கும் வேலை, காப்பீட்டோடு கிடைத்தது. இன்னும் சில வருஷத்தில் நிலத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, பனி விழுவதற்குள் தொட்டில், கட்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வெர்னான்தான் கயிறு இழுத்துக் கட்டிக் கொடுத்தார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் என்னிடம் சொன்னார். "நீ கூப்பிட்டிருக்கக் கூடாது, ஆர்டிஸ். ஆலங்கட்டி அடிச்சிருந்தா அடுத்த வருஷம் வெதச்சிருக்கலாம்."

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது போதும்.

குளிர்காலத்தில், அவரவர் மெஷினை அவரவரே பழுதுபார்க்கும் உரிமைக்காகத் மாநிலத் தலைநகரில் ஒரு சட்ட மசோதா மீது மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். தேவாலயத்தில்கூட எழுந்து பேசாத மனுஷர், கோட்டு மாட்டிக்கொண்டு போனார். "என் மெஷின என் பையன் சரி பண்ணினான். அதுக்கு அவன் வேலை போச்சு" என்றார். அத்தோடு உட்கார்ந்துவிட்டார். சட்டம் நிறைவேறவில்லை.

வசந்தத்தில் நிலத்தை டுவெய்னுக்குக் குத்தகைக்கு விட்டார். மெஷினையும் விற்றார். வாங்க வந்தவர், "நல்லா ஓடுமா?" என்று கேட்டதற்கு, "ஓடும். ஓட விட்டா" என்றார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ராய் போனில் வந்தான். பின்னால் குழந்தை சிணுங்கியது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டதை நாங்கள் அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"கோதுமை எப்படிப்பா இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே டுவெய்னின் பயிர் இடுப்பளவு நின்றது. வெர்னான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்குடா" என்றார்.