நடேசனுக்கு ஒரு வரவேற்பு பேனர்

நடேசன் பிரான்சிலிருந்து திரும்புகிறார் என்று காதில் விழுந்த அன்றைக்கே தனக்கொடி பாகூருக்கு பஸ் ஏறி பேனர் கடைக்குப் போய்விட்டாள். எதற்கு? அவரை வரவேற்கத்தான். அவளைவிட மனமார அவரை வரவேற்க அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்!

பாகூர்ப் பக்கம் பேனர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. காது குத்தினாலும் பேனர், செத்தாலும் பேனர். நடேசன் வருவதற்கும் ஏற்கெனவே நாலு பேனருக்குச் சொல்லியாகிவிட்டது. திரௌபதி அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவரைத் தலைவராகப் போடப் போகிறார்களாம். ஊர் முனையில் பட்டாசு, சால்வை, மாலை எல்லாம் தயார்.

நடேசன் வாய் அப்படி. நிலம் நீச்சு, போர் செட், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டி பாரிசில் குடியேறிவிட்ட மகன் என்று எல்லாம் இருந்தாலும், ஊர் அவர் பின்னால் நின்றது அந்த வாய்க்காகத்தான். டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், ஒருத்தன் எழுந்திருக்க மாட்டான். தனக்கொடியின் புருஷன் தணிகைவேல் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பான். பங்காளி முறையில் அண்ணன் வேறு. அண்ணன் சொல்லிவிட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது.

இரண்டாவது அலை வந்த சித்திரை மாதம் நடேசன் அந்த டீக்கடையில்தான் கொரோனா ஊசியைக் கிழி கிழி என்று கிழித்தார்.

"சர்க்கரைக்காரனுக்கு முள்ளு குத்துனாலே ஆறாது. ஊசி குத்துனா எப்பிடிடா ஆறும்? நல்லா கீறவனைப் புடிச்சி நோயாளி ஆக்குறானுங்க. நம்ம உடம்பு வெயில்ல வெந்த உடம்பு. நமக்கு இன்னாத்துக்கு ஊசி?"

தணிகைவேலுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. பிரஷரும் உண்டு. டிராக்டர் சீட்டிலேயே உட்கார்ந்து உடம்பும் பெருத்துப் போயிருந்தது. ஊர் நர்ஸ் ஆரோக்கியசெல்வி வாசலுக்கே வந்து கெஞ்சினாள். "அண்ணே, ஊர்ல மொத ஊசி உங்களுக்குத்தான் போடணும். சர்க்கரை இருக்கறவங்களைத்தான் இது கவுத்துடுது. வாங்கண்ணே." அவன் சிரித்துக்கொண்டே, "ஆவட்டும்மா, அண்ணன் போட்டா நானும் போட்டுக்கறேன்" என்றான்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் நடேசன் தணிகைவேல் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். விரால் மீன் குழம்பு. ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கையில் தணிகைவேல் அவர் இடது தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். மனிதர் "ஐயோ" என்று சுருண்டுவிட்டார்.

"இன்னாண்ணே?"

"ஒண்ணும் இல்லடா. வரப்புல வழுக்கி வுழுந்துட்டேன்."

பதறிப்போய் தைலப் புட்டியை எடுத்துக் கொடுத்தவள் தனக்கொடிதான். தணிகைவேல் தன் கையாலேயே அண்ணன் தோளில் தைலத்தைத் தேய்த்துவிட்டான்.

வைகாசி பிறந்ததும் வீட்டுக்குள் காய்ச்சல் வந்தது. ஒரே கூரை, ஒரே காற்று, ஒரே கஞ்சி. தனக்கொடிக்கு உடம்புவலியோடு போயிற்று. அவனுக்கு மூச்சு இறைத்தது. சர்க்கரை எகிறிப்போய் எதற்கும் இறங்கவில்லை. வெளியே சொன்னால் தெருவை அடைத்துவிடுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே கஷாயம் போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது படுக்கை இல்லை. கிடைத்தபோது அவனிடம் பேச்சு இல்லை. முகத்தைக்கூடக் காட்டாமல் சுற்றிக்கொடுத்தார்கள். நடேசன் வரவில்லை. போனில், "விதிம்மா, நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். தனக்கொடியும் அதை விதி என்றே நம்பி அழுதாள்.

ஆடி கழிந்ததும் நடேசன் மகனைப் பார்க்கப் பிரான்சுக்குப் பறந்தார். அதற்குப் பிறகு தனக்கொடிக்கு ஊசி போட வந்த ஆரோக்கியசெல்வி பேச்சுவாக்கில் சொன்னாள்.

"இனிமேலாவது எல்லாரும் போட்டுக்கட்டும் அக்கா. பாருங்க, நடேசன் ஐயாவே ரெண்டும் போட்டுக்கினுதான் போயிருப்பாரு. இல்லனா அங்க வுட மாட்டானுங்களே."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நாள் வுடணும்?"

"மூணு மாசம் கிட்ட ஆவும்."

தனக்கொடி ஆடியிலிருந்து பின்னோக்கி விரல் மடக்கினாள். சித்திரையில் வந்து நின்றது. சித்திரை என்றதும் அந்த "ஐயோ" காதில் கேட்டது. வரப்பில் விழுந்தவனுக்கு இடுப்பு வலிக்கும், முழங்கால் தேயும். தோள்பட்டையில் ஒரே ஒரு இடத்தில் மட்டுமா வலிக்கும்? ஊசி போட்டுக்கொண்ட கையோடு தன் வீட்டில் உட்கார்ந்து மீன் தின்றுவிட்டு, தன் புருஷன் கையாலேயே தைலமும் தேய்த்துக்கொண்டு, மறுநாளும் டீக்கடையில் போய் ஊசி போடாதே என்று பேசியிருக்கிறார்.

அன்றைக்கு அவள் அழவில்லை. மண்ணை வாரித் தூற்றினால் காற்றோடு போய்விடும். சண்டை போட்டால், புருஷன் போன துக்கத்தில் உளறுகிறாள் என்று அந்த வாய் ஊரையே நம்பவைத்துவிடும். அவர் திரும்பி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாசியில் அவர் வருகிற சேதி வந்தது.

பேனர் கடைத் தமிழ்க்குமரன் அவள் சொன்னதை டைப் செய்துவிட்டுக் கையைப் பிசைந்தான். "அக்கா, வம்புக்கா இது. பெரிய எடம்."

"இதுல எதுனா ஒரு வார்த்தை பொய்யா இருந்தா அழிச்சிடு."

அவன் மறுபடி படித்தான். எதையும் அழிக்கவில்லை.

பேனரில் போட, செத்துப்போனவர்களின் படங்கள்தான் பாக்கி. இருசப்பன் நெஞ்சுவலிக்காரன், அவனும் டீக்கடைப் பேச்சைக் கேட்டு ஊசி போடாமல் அதே காய்ச்சலில் போனவன். அவன் மகன் அன்புராஜ் கேட்டதும் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். கனகாம்பாள் விறகுப் புகையில் இருமி இருமி நெஞ்சு கெட்டவள், அவளும் அப்படித்தான் போனாள். அவள் புருஷன் சாமிநாதன் யோசித்தான். அவன் வயலுக்கு நடேசன் போரிலிருந்துதான் தண்ணீர். பிறகு சுவரிலிருந்து படத்தைக் கழற்றினான். "தண்ணி நின்னா நிக்கட்டும்மா. எடுத்துக்கினு போ."

நடேசன் வந்த காலையில் ஊர் முனையில் நாலு பேனருக்கும் நடுவே ஐந்தாவதாக அது நின்றது. மற்ற நாலையும்விடப் பெரியது. நடேசன் கைகூப்பிச் சிரிக்கும் படம். தங்க எழுத்து.

'வருக! வருக! கொரோனா ஊசியைச் சித்திரையிலேயே போட்டுக்கொண்டு, நலமுடன் பாரிஸ் சென்று திரும்பும் எங்கள் அண்ணன் நடேசன் அவர்களே, வருக!'

அடியில், எப்போதும் இளவட்டங்கள் கூலிங்கிளாசோடு நிற்கும் வரிசையில், மூன்று முகங்கள். தணிகைவேல், இருசப்பன், கனகாம்பாள். 'இவண்: உங்கள் பேச்சைக் கேட்டு ஊசி போடாதவர்கள்.'

காரை விட்டு இறங்கிய நடேசன் பேனரைப் பார்த்துப் பழக்கத்தில் கைகூப்பினார். பிறகு படித்தார். கூப்பிய கை அப்படியே நின்றது. பட்டாசுக்குத் திரி கிள்ளியிருந்த பையன் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டான்.

"யார்ரா இதக் கட்டுனது? அவுத்துப் போடுங்கடா!"

ஒருத்தரும் அசையவில்லை. தனக்கொடி முன்னால் வந்தாள்.

"நாந்தான் மாமா. தப்பா எதுனா எழுதியிருந்தா சொல்லுங்க, நானே அவுக்கறேன்."

நடேசன் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், டீக்கடையில் பார்த்த அதே பார்வை. முதல் தடவையாக அந்த வாய் குரலைத் தாழ்த்தி அவளுக்கு மட்டும் பேசியது.

"பையன் அடம் புடிச்சாம்மா. போடாங்காட்டி அங்க வர முடியாதுன்னுட்டான். ஊர்ல அப்பிடிப் பேசிட்டு, எப்பிடி மாத்திப் பேசுறது? வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா?" தனக்கொடி ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். "உன் வெக்கத்துக்கு மூணு உசுரா?"

சால்வையோடு நின்றவர் அதை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். சாமிநாதன் காறித் துப்பிவிட்டு வயலைப் பார்க்க நடந்தான். தலைவர் பதவி அந்த இடத்திலேயே முடிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீ வூட்டுக்கும் நெலத்துக்கும் போவ இந்த வழிதான். அவுத்தா மறுபடி கட்டுவேன். வெயில்ல வெளுத்தா புதுசா அடிச்சிக் கட்டுவேன். நீ இருக்கறவரைக்கும் இங்க இருக்கும்" என்றாள் தனக்கொடி.

பிறகு மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். அதே தைலம். மற்றவர்கள் மாலையோடு வந்திருந்தார்கள், அவள் இதைக் கொண்டுவந்திருந்தாள். அவர் இடது தோளில் அந்த இடத்தைப் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இன்னும் வலிக்குதா மாமா? தேய்ச்சிவுட அவரு இல்ல. நீயே தேய்ச்சிக்க."

புட்டியை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.