விரல் சார் வீட்டில் ஆய்வு

சனிக்கிழமை விடுமுறைதான். ஆனாலும் விரல் சார் காலை ஏழு மணிக்கே சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் எழுதும் அட்டையோடு கூடத்தில் வந்து நின்றார். பனியனோடு நின்று வீட்டைச் சரிபார்ப்பது அவருக்கு முறையாகப் படவில்லை.

அவர் உணவகச் சுகாதார ஆய்வாளர். பதினெட்டு வருடமாக எந்தச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக வலது கை ஆள்காட்டி விரலை ஏதாவது ஒரு தட்டின் மேல் இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அப்படி வந்த பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். “குறை கண்டுபிடிக்காம நான் திரும்பி வந்த இடம்னு ஒண்ணு கிடையாது” என்று வாரம் ஒரு முறையாவது சாப்பாட்டு மேஜையில் சொல்வார். மனைவி அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்க எழுந்து போவாள்.

இன்று பத்து மணிக்கு அவர் வீட்டுக்கே ஆய்வு. வாடகை வீடு. ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, வீட்டை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று எழுதினால் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம். இல்லையென்றால் முப்பது நாளில் காலி. ஆறு வருடத்தில் இது நாலாவது வீடு.

“இன்னொரு தடவை அட்டைப்பெட்டி கட்டுறதா இருந்தா, முதல் பெட்டில என்னைப் போட்டுக் கட்டிடுங்க” என்று மனைவி தெளிவாகவே சொல்லிவிட்டாள்.

அவள் இப்போது அடுப்புக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தாள். குளியலறையில் அவள் தம்பி பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓடுகளின் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி கேண்டீனில் தலைமைச் சமையல்காரன். விரல் சாரின் வட்டத்தில் வரும் கேண்டீன்தான்.

“அந்த மூலை விட்டுப்போச்சு பாரு, மாப்ள” என்றார் சார், வாசற்படியில் நின்றபடி.

“அட்டையைக் கீழ வெச்சுட்டு வாங்க மாமா. பீரோவைத் தள்ளணும்.”

அந்த வீட்டில் உண்மையான குறை ஒன்றே ஒன்றுதான். சின்ன அறையின் மரத்தரையில், ஜன்னலுக்கு எதிரே, இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் கன்னங்கரேலென்று ஒரு சூடு. போட்டவர் விரல் சார். தரையில் துண்டை விரித்துச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பேக்கரிக்காரனின் போன் வந்தது. தீ விபத்தைத் தடுப்பது எப்படி என்று அவனுக்கு இருபது நிமிடம் பாடம் நடத்தி முடித்துத் திரும்பியபோது அறை முழுக்கப் புகை.

சூட்டின் மேல் பீரோவை நகர்த்தி வைத்தார்கள். பாதி ஜன்னல் மறைந்துபோனது.

“பளிச்சுனு தெரியுதே, எதையோ மறைக்கிறோம்னு” என்றாள் மனைவி.

“அதெல்லாம் இவ்வளவு தூரம் வரமாட்டாங்க அக்கா. முன்னாடியே ஒண்ணு கிடைச்சுட்டா அதோட போயிடுவாங்க. சமையல்கட்டு ஜன்னல் மேல்சட்டத்துல கொஞ்சம் பிசுக்கை அப்படியே விட்டுவை.”

“என்னது, விட்டுவைக்கிறதா?” சார் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஆய்வுக்கு வர்றவங்க வெறுங்கையோட போக மாட்டாங்க மாமா. ஒண்ணு எழுதியாகணும். நாமளே சின்னதா ஒண்ணு எடுத்து வெச்சா சந்தோஷமா எழுதிட்டுக் கிளம்பிடுவாங்க. எல்லா கேண்டீன்லயும் அதுதான் பழக்கம்.”

“எந்தக் கேண்டீன்ல?”

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “சொல்லிடுடா. எத்தனை நாளைக்குத்தான் நான் ஒருத்தியே சிரிச்சுக்கிட்டு இருக்குறது.”

“நீங்க வர்ற அன்னிக்கு உப்பு டப்பா மூடியைக் கழட்டி வெச்சுடுவோம் மாமா. அவ்வளவுதான்.”

விரல் சாரின் மனக்கண்ணில் ஆஸ்பத்திரி கேண்டீனின் கோப்பு விரிந்தது. பிப்ரவரி: உப்பு டப்பாவுக்கு மூடி இல்லை. மே: உப்பு டப்பாவுக்கு மூடி இல்லை. ஆகஸ்ட்: பலமுறை எச்சரித்தும் உப்பு டப்பாவுக்கு மூடி இல்லை.

“அது உங்க அலட்சியம். நான் கண்டுபிடிச்சேன், நீ கதை கட்டுறே” என்றார்.

“சரி மாமா” என்றான் தம்பி. அந்தச் ‘சரி’ அவருக்குப் பழக்கமான சரி. பதினெட்டு வருடமாக எல்லாச் சமையல்காரர்களும் அவரிடம் சொல்லும் அதே சரி.

ஒன்பதே முக்காலுக்கு அக்காவும் தம்பியும் குப்பைப் பைகளை வெளியே கொண்டுபோனார்கள். சார் சமையல்கட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். மேல்சட்டத்தில் பிசுக்கு. அவர் குடியிருக்கும் வீட்டில், அவர் கண்ணெதிரே, பிசுக்கு! முக்காலியைப் போட்டு ஏறினார். சோப்புத் தண்ணீரால் மூன்று முறை துடைத்தார். விரலை இழுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுத்தம். இறங்கும்போது பத்து வயது குறைந்தது போலிருந்தது.

சரியாகப் பத்துக்கு ஏஜென்சிப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் டேப்லெட், காலில் பிளாஸ்டிக் உறை. உள்ளே வந்ததும் வராததுமாக ஆள்காட்டி விரலைக் கதவு நிலையின் மேல் இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

தம்பி சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

கூடத்தில் ஒன்றும் இல்லை. குளியலறையில் ஒன்றும் இல்லை. சமையல்கட்டுக்கு வந்து அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்தாள், பிறகு ஜன்னல் மேல்சட்டத்துக்கு எம்பி விரலை இழுத்தாள். விரலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மனைவி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நாலு வீட்டு அட்டைப்பெட்டிகளும் இருந்தன.

ஏஜென்சிப் பெண்ணின் முகம் மெல்ல இறுகியது. சாருக்கு அந்த முகம் தெரியும். அது வெறுங்கையோடு திரும்பப்போகிறவரின் முகம். அப்படிப்பட்டவர் அடுத்து என்ன செய்வார் என்பதும் தெரியும். ஆரம்பத்திலிருந்து இன்னொரு சுற்று வருவார். இந்த முறை சாமான்களை நகர்த்துவார்.

“ஒரு ரவுண்டு திரும்பப் பார்த்துடறேன்” என்றாள் அவள். சின்ன அறைக்குள் நுழைந்து நின்றாள். “ஏன் பீரோ ஜன்னலை மறைச்சு நிக்குது?”

“வெயில் வருதுன்னு...” என்று மனைவி இழுத்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் நகர்த்துறீங்களா?”

“இதோ, நகர்த்துறேன் மேடம்” என்று தம்பி பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நகராதபடி தள்ளத் தொடங்கினான். “ரொம்ப கனம் மேடம்... மாமா எங்க? ஒரு கை குடுங்க மாமா!”

மாமா சமையல்கட்டில் முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். புகழ்பெற்ற விரல் எண்ணெய் பாட்டிலுக்குள் இருந்தது. மேல்சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்தார். பார்த்தார். திருப்தி இல்லை. புது எண்ணெய் பளபளக்கும், பழைய பிசுக்கு தூசியைப் பிடித்து மங்கிக் கிடக்கும். இந்த வித்தியாசம் தெரியாதவரா அவர்? காபித் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து மேலே ஊதினார். ஆறு மாதப் பிசுக்கு அரை நிமிடத்தில் தயாரானது. பதினெட்டு வருட அனுபவம் முதல் தடவையாக வீட்டுக்குப் பயன்பட்டது.

முக்காலியை ஒளித்துவிட்டுச் சின்ன அறைக்கு ஓடினார்.

“மேடம், பீரோ இருக்கட்டும். சமையல்கட்டு ஜன்னலை மட்டும் தயவுசெஞ்சு திரும்பப் பார்த்துடாதீங்க.”

அவள் கண்கள் மின்னின. “ஏன் சார்?”

“ஒண்ணுமில்ல மேடம். சும்மாதான் சொன்னேன்.”

அவள் ஏறக்குறைய ஓடினாள். எம்பினாள். விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தாள். தூக்கிப் பார்த்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் பரவியது. இந்த முகத்தோடுதானா அவர் இத்தனை வருடம் உப்பு டப்பாக்களுக்கு முன்னால் நின்றிருக்கிறார்?

“முதல் ரவுண்டுல கை எட்டல. ஆனா எங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது சார்” என்றாள். “பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க. சமையல்கட்டு சுத்தம்னா என்னன்னு தெரிய வேண்டாமா?”

சுத்தம் என்றால் என்ன என்று பத்து நிமிடம் சொன்னாள். விரல் சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நடுநடுவே “சரிங்க மேடம்” என்றார். அந்தச் ‘சரி’ அவ்வளவு பொருத்தமாக வந்து விழுந்தது அவருக்கே ஆச்சரியம்.

‘ஜன்னல் சட்டத்தில் பிசுக்கு. எச்சரிக்கப்பட்டது. மற்றபடி வீடு நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம்’ என்று தட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் கிளம்பினாள். போகும்போது பிளாஸ்டிக் உறைக்குள்ளே நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

கதவு சாத்தியதும் மனைவி பீரோவின் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சார் சீருடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பனியனோடு உட்கார்ந்தார்.

தம்பி மெதுவாகப் பக்கத்தில் வந்தான். “செவ்வாய்க்கிழமை எங்க கேண்டீனுக்கு வர்றீங்கல்ல மாமா? நான் வேணா இனிமே மூடியை...”

விரல் சார் எண்ணெய் படிந்த விரலைத் துண்டில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

“உப்பு வேண்டாம்” என்றார். “மூணு தடவை எழுதியாச்சு. சர்க்கரையைத் திறந்து வை.”