ஒரு ஓட்டு குறையுது

கரண்டியை மூன்றாவது முறையும் தட்டிவிட்டார் கர்னல் ஹார்வுட். சோளக்கஞ்சி மகள் டேபிதாவின் மடியில் சிந்தியது.

"ஒரு ஓட்டு குறையுதய்யா! இப்பப் போயி சாப்பாடா?"

இரண்டு நாளாக இதே பாட்டு. ஆங்கிலேயனோடு நடந்த போரில் தோளில் குண்டு வாங்கியவர், பெரிய புகையிலைத் தோட்டக்காரர், ஏழு முறை வர்ஜீனியா சட்டசபைக்குப் போனவர். காய்ச்சல் முற்றியதும் போரும் மறந்தது, புகையிலையும் மறந்தது. கோர்ட்டு வாசலில் நடக்கும் தேர்தல் மட்டும் அவர் நினைப்பில் மிஞ்சியது. பார்க்க வந்த பாதிரியார் அவர் மனசுக்காக ஓட்டுப் போட்டார். வைத்தியரும் போட்டார், "இன்னிக்குப் பொழுது தாங்காது" என்று டேபிதாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எதிராளி பிளெட்சோவோடு இப்போது சரிசமமாம்.

பதினெட்டு வருஷமாக அப்பாவுக்கு உழைக்கிறாள் டேபிதா. அதற்கு முன் ஆம்ப்ரோஸ் என்று ஒருவன் இருந்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, தேர்தல் மேசை முன் நின்று, ஊரே கேட்க, "பிளெட்சோ" என்றான். அங்கே ஓட்டு என்றால் வாயால் உரக்கச் சொல்வதுதான். அதோடு அவனை வீட்டுப் படி ஏற விடவில்லை அப்பா.

"நிம்மதியாப் போகட்டும். சொல்லிடுங்கம்மா, ஒரு வார்த்தைதானே?" என்றான் ஐஷம். கர்னல் விலைக்கு வாங்கிய அடிமை. முப்பது வருஷமாக அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவன்.

"நீயே சொல்லேன்."

"என்கிட்ட எப்பம்மா கேட்டிருக்காரு?" போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டான்.

கர்னல் அவள் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க ஓட்டு யாருக்கு?"

பெற்ற மகளைத் தெரியவில்லை, ஓட்டு தெரிகிறது! பிளெட்சோவின் பெயர் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரே ஒரு தரம் தன்னை அடையாளம் கண்டு நல்லதாக ஒரு வார்த்தை சொல்லட்டும், எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

"அப்பா, நான் டேபிதா."

"பொம்பளைக்கு ஏது ஓட்டு? தள்ளிப் போ, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க." அவர் பார்வை மறுபடி மங்கியது. "அடுத்தது யாருய்யா? உங்க ஓட்டு?"

அவர் உதடு நடுங்கியது. தோற்றுவிடுவோம் என்ற பயம். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"கர்னல் ஹார்வுட்," என்றாள். உரக்கவே சொன்னாள்.

அவர் முகம் மலர்ந்தது. தலையைத் தாழ்த்தி, அவள் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஓட்டுப் போட்ட ஒவ்வொரு குடியானவனுக்கும் சொன்ன அதே வார்த்தைதான். அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஐஷம் அவர் கண்களை மூடிவிட்டான்.

"ஜெயிச்சிட்டாரும்மா," என்றான். சிரிக்கவில்லை. குழி வெட்ட ஆட்களிடம் சொல்லக் கிளம்பினான்.

கிண்ணத்தில் கஞ்சி ஏடு கட்டியிருந்தது. நேற்றிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது டேபிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கையாலேயே கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள். வலது கை இன்னும் அவர் பிடியில் இருந்தது.