சும்மா ஒருக்கா

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று மருத்துவமனை முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்தாறு வருடமாக மார்பில் கத்தி வைக்கிற வேலை செய்கிறவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஏதோ கோளாறு. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கோபம் வேறு. காலையில் ஒருத்தி மேல் தொடங்கி, மத்தியானம் ஒரு அறை முழுக்க இருந்தவர்கள் மேல் ஏறி, கடைசியில் அது வந்து நின்ற இடத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

காலை பத்தரைக்குக் காளியாத்தாள் உள்ளே வந்தாள். வயது நாற்பத்தேழு. கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழைத் தோட்டங்களில் கூலி வேலை. கூடவே மகள் கயல்விழி, பனியன் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்திருந்தாள். அவர்கள் உட்காருவதற்கு முன்பே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. மேலே பவுடர், அதற்கு அடியில் சீழ். ரவிக்கைக்குள் துண்டை நாலாக மடித்து வைத்திருந்தாள். விலக்கிப் பார்த்தேன். இடது மார்பில் கட்டி தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அக்குளில் வரிசையாக நெறி கட்டியிருந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"கட்டி போன வருசமே இருந்துதுங்க. ஒடஞ்சது ரெண்டு மாசமாத்தான்."

"போன வருசத்துல இருந்து என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ரோஸ் நிற அட்டை. அது எங்கள் அட்டை.

எங்கள் அட்டை என்றால், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று கோவையில் நடக்கிற ஒரு அறக்கட்டளையின் அட்டை. என்ன ஆராய வேண்டும், எப்படி ஆராய வேண்டும் என்று அதற்கு வழி சொல்வதற்கு ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழு உண்டு. அதில் நானும் ஒருத்தி. கிராமம் கிராமமாக முகாம் போட்டுப் பெண்களைப் பரிசோதிக்கிறோம். சந்தேகமான கட்டி இருந்தால் போனில் கூப்பிட்டுக் கோவைக்கு வரவழைத்து, சதை எடுத்துப் பார்க்கிறோம். எல்லாம் இலவசம். இந்த ஆராய்ச்சியின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நம் பெண்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்?

அட்டையில் பத்து மாதத்துக்கு முந்தைய தேதி. கட்டியின் அளவு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. அப்போது வந்திருந்தால் நானே அறுத்தெடுத்து, மருந்து கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை வந்து முகத்தைக் காட்டினால் போதும் என்று அனுப்பியிருப்பேன்.

"போன் வந்துச்சா இல்லையா?"

"ரெண்டு தடவை வந்துதுங்க."

"வந்தும் வரலையா? உயிர் மேல ஆசை இல்லையா உங்களுக்கு?" நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கயல்விழி அழ ஆரம்பித்தாள். காளியாத்தாள் அழவில்லை.

"கத்தாதீங்க டாக்டரம்மா. போன்ல பேசுன புள்ள, 'ஒன்னும் பயப்படறதுக்கு இல்லீங்க, சும்மா ஒருக்கா வந்து காட்டீட்டுப் போங்க, தோதுப்பட்டப்ப வந்தாப் போதுமுங்க'ன்னு சொல்லுச்சு. அப்பத் தார் வெட்டு நடந்துட்டு இருந்துது. அது முடிஞ்சா கோயில் நோம்பி. பொறவு இவளுக்குக் கல்யாணச் சீர் வந்துது. தோதே படலீங்க. கெட்டதா இருந்தா அத்தனை நயமாவா கூப்புடுவாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒன்றும் பயப்படுவதற்கு இல்லையா? தோதுப்பட்டபோதா? அவளை அன்றைக்கே வார்டில் சேர்த்து, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தப் போன் பேசியவளை மூன்று மணிக் கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச நோயாளிகளைப் பார்த்தேன்.

ரேஸ்கோர்ஸ் பகுதியில் இருக்கிற அறக்கட்டளை அலுவலகத்தில் குழு கூடியிருந்தது. தலைவர் டாக்டர் கிருபாசங்கர். புற்றுநோய் மருத்துவர். எதிரிக்கும் ஒரு 'ங்க' சேர்த்துப் பேசுகிற மனிதர். அந்த நயமே எனக்கு ஆறு வருடமாக ஆகாது. அடுத்த மாதம் சென்னை மாநாட்டில் படிக்கப்போகிற அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். போனில் அழைக்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வந்தவர்கள் நூற்று எழுபத்து நாலு பேர். மீதி முப்பத்தெட்டு பேர் 'தாமாக வர மறுத்தவர்கள்'. காரணம், விழிப்புணர்வின்மை.

ரோஸ் அட்டையை மேஜை நடுவில் வீசினேன்.

"மறுத்தவங்களா? அந்த முப்பத்தெட்டுல ஒருத்தி இன்னைக்கு எங்கிட்ட வந்திருக்கா. மார்பு அழுகிப் போய் வந்திருக்கா. ஒன்னும் பயமில்லை, தோதுப்பட்டப்ப வான்னு சொல்லீட்டு, வரலைன்னா அது அவளோட விழிப்புணர்வா? வாழைப்பழத்துல ஊசி ஏத்தற மாதிரி பேசறதுக்கு இது என்ன சம்பந்தம் பேசற எடமா?"

போன் அழைப்புகளைப் பார்த்துக்கொள்கிற லோகப்பிரியாவைக் கூப்பிட்டு, காளியாத்தாளிடம் பேசிய போன் பதிவைப் போடச் சொன்னேன். மடிக்கணினியில் அவள் குரல் வந்தது. இனிமையான குரல். காளியாத்தாள் சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தது. 'ஏனுங்க, ஒன்னும் பயப்படறதுக்கு இல்லீங்க. சும்மா ஒருக்கா வந்து காட்டீட்டுப் போங்க…'

"நீயும் ஒரு பொம்பளைதானே? இப்படிப் பூசி மெழுகிப் பேச எந்த மடையன் சொல்லிக் குடுத்தான் உனக்கு?"

லோகப்பிரியா உள்ளே போய், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இதுல இருக்கறதுதான் பேசோணும், ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதுன்னு உத்தரவுங்க மேடம்."

தாளில் மூன்று வரிகள் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. இரண்டாவது வரியைப் பச்சை மையால் அடித்து, அதற்கு மேல் கையால் வேறொன்று எழுதியிருந்தது. அடிக்கப்பட்ட வரியைப் படிக்க முடிந்தது: 'இது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு உண்டு, ஒரு வாரத்துக்குள் அவசியம் வர வேண்டும்.' அதற்கு மேல் எழுதியிருந்ததுதான் அந்த 'சும்மா ஒருக்கா'.

அந்தக் குழுவில் பச்சை மையில் எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் எய்தவளாக நின்றுகொண்டே அம்பைத் திட்டியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் நான் பேசியது அப்படியே திரும்பி வந்தது. 'தோட்டத்துல வேலை செய்யற பொம்பளைங்க கிருபாசங்கர். போன்ல அந்தப் பேரைச் சொன்னா அன்னைக்கே கெணத்துல குதிச்சுருவாங்க. நம்ம ஊருல நயமாத்தான் சொல்லோணும்.' அதே வருடம் ஆனைமலையில் இருக்கிற என் அக்காவுக்குக் கட்டி வந்தது. அவளிடம் நான் நயமாகவா சொன்னேன்? போனிலேயே பேரைச் சொல்லி, நாளைக்குக் காலையில் வந்து நில் என்றேன். வந்தாள். இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். என் அக்கா தாங்குவாள், வாழைத்தார் சுமக்கிறவள் தாங்கமாட்டாள் என்று யார் எனக்குச் சொன்னது?

"நீங்க ஏன் அன்னைக்கு எதிர்த்துப் பேசல?" என்று கிருபாசங்கரிடம் கேட்டேன். அந்த நிலையிலும் வேறொருவர் மேல் பாயத்தான் வாய் வந்தது.

"பேசினேனுங்க மேடம். நீங்க ஃபைலைத் தூக்கி வீசுனீங்க. அதுக்கு மேல பேசுனா நாகரிகமா இருக்காதுன்னு விட்டுட்டேனுங்க."

நாகரிகம்! என் முன்கோபமும் இவருடைய மரியாதையும் சேர்ந்து முப்பத்தெட்டு பேரைக் காக்க வைத்திருக்கின்றன. இதற்கு விழிப்புணர்வின்மை என்று பெயர் வைத்து மாநாட்டில் வேறு படிக்கப் போகிறோம்.

"அந்தப் பட்டியலைக் குடு," என்றேன் லோகப்பிரியாவிடம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுப் பழக்கமில்லாததால் அதுவும் திட்டுவது போலத்தான் வந்தது.

"மேடம், வாசகத்தை மாத்தறதுன்னா நெறிமுறைக் குழு ஒப்புதல் வேணுமுங்க," என்றார் கிருபாசங்கர். "அடுத்த மாசக் கூட்டத்துல முறையா வெச்சு…"

"அடுத்த மாசம் எத்தனை பேர் உயிரோட இருப்பாங்கன்னு முறையாச் சொல்லுங்க, நிறுத்தறேன்."

பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஐந்தரை மணிக்கு வார்டுக்குப் போனபோது ஸ்கேன் வந்திருந்தது. கல்லீரலில் மூன்று இடத்தில் புள்ளி. கயல்விழி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். காளியாத்தாள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எழுதி வைத்துப் படிக்காமல் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். சொன்னேன். இது புற்றுநோய். கல்லீரலுக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்துத் தள்ளிப்போடலாம், வலியைக் குறைக்கலாம், முழுசாகக் குணமாக்க முடியாது. பத்து மாதத்துக்கு முன்னால் முடிந்திருக்கும்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொன்னும் சொல்லோணும். போன்ல அந்தப் புள்ள பேசுச்சே, அந்த வார்த்தையை எழுதிக் குடுத்தது நான்தான். பேரைச் சொன்னா பயந்து போய்க் கெணத்துல கிணத்துல விழுந்துருவீங்கன்னு நெனச்சுட்டேன்."

காளியாத்தாள் திரும்பினாள். நான் எத்தனையோ பேரைக் கோபத்தோடு பார்த்திருக்கிறேன். என்னை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் பயந்துக்குவேன்னு ஆரு சொன்னது உங்களுக்கு? எம்பட ஊட்டுக்காரரு பூச்சிமருந்தைக் குடிச்சுப்போட்டு வரப்புல கெடந்தப்ப, தோள்ல போட்டு ரோடு வரைக்கும் தூக்கியாந்தது நான். ஆஸ்பத்திரியில இருந்து பொணமாக் கொண்டு போனதும் நான். அன்னைக்குக் குதிக்காதவ, ஒரு நோவோட பேரைக் கேட்டுக் குதிச்சுருவனா? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? சொல்லியிருந்தா வெட்டுன தாரைப் பாதியில போட்டுட்டு அன்னைக்கே வந்திருப்பேன். அன்னைக்கே வந்திருப்பேன் டாக்டரம்மா!"

மன்னிச்சுக்குங்க என்று சொன்னால் அது இன்னொரு நயமான வார்த்தையாகிவிடும் என்று சும்மா இருந்தேன்.

"கையில என்ன பேப்பரு?"

"உங்களை மாதிரியே வராம விட்டவங்க. முப்பத்தேழு பேர்."

"அவிகளுக்கும் இதே பேச்சுத்தானா?"

"ஆமா."

"அப்ப எம்மூஞ்சிய எதுக்குப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? போனைப் போடுங்க. இங்கயே போடுங்க, நான் கேக்கோணும்."

ஒரு நோயாளி முன்னால் இன்னொரு நோயாளியிடம் பேசுவது விதிப்படி தப்பு. பெயரை மட்டும் சத்தமாகச் சொல்லாமல் முதல் எண்ணைப் போட்டேன். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்து டாக்டர் பொற்கொடி பேசறேனுங்க. ஒன்னும் பயப்பட வேண்டாமுங்க, சும்மா…"

காளியாத்தாள் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். "இல்லீங்க. நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. முகாம்ல பாத்தோமே, உங்க மார்புல இருக்கற அந்தக் கட்டி புத்துநோயா இருக்கலாம். சதை எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும். நாளைக்கே வரோணும். இதுக்கு மேல தள்ளிப்போட்டா உயிருக்கு ஆபத்து."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு விசில். கிணறு என்று நான் சொன்னது என் நெஞ்சில் வந்து இடித்தது.

"ஒரு நிமிசம் இருங்க, அடுப்பை அமத்திப்போட்டு வாரேன்," என்றாள். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். "கோபியில மொதல் பஸ்ஸைப் புடிச்சா எட்டு மணிக்கெல்லாம் வந்துருவேனுங்க. உங்க ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கோணும்?"

இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லிப் போனை வைத்தேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நாங்கள் ஐந்து பேர் இரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம்.

காளியாத்தாள் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அடுத்த நம்பரைப் போடுங்க," என்றாள்.