வழித்தெடுத்த கேக்

அருணா கேக் செய்யக் கற்றுக்கொண்டது ஊரடங்குக் காலத்தில். விழுப்புரத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருந்த அவள் கணவன் குமரேசன், கடையைத் திறக்க வழியில்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கைபேசியில் பார்த்து, குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் கிண்ணத்தை இறக்கி முதல் கேக்கைச் செய்தாள். அடி தீய்ந்து, நடுவில் மாவாகவே இருந்தது. நாலாவது தடவை தேறிவிட்டாள். பிறகு சின்னதாக ஓர் ஓவன் வாங்கிக்கொண்டாள். கிரீம் கிடையாது, பூ கிடையாது. மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, ஒரு மூடி வெனிலா எசென்ஸ், அவ்வளவுதான். மேல்பக்கம் லேசாக வெடித்திருக்கும். வெட்டினால் துண்டு உதிராமல் நிற்கும். குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அருணாவின் கேக் வந்தாக வேண்டும் என்று ஆகிப்போனது.

குமரேசனின் அண்ணன் சுப்பராயலு கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்து ஊரில் சொந்த நிலத்தில் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். அவருக்கு ஐம்பது வயது நிறைவதை ஒட்டி, அவர் மகன் வல்லரசு பதினைந்து நாள் முன்னதாகவே அருணாவுக்குப் போன் செய்தான். இந்தத் தடவை சாதா கேக் வேண்டாம், ஐந்து கிலோ, மேலே வெள்ளைக் கிரீம், அப்பா பெயர், எல்லாம் சித்தி கையால்தான் ஆக வேண்டும், ஊரையே கூப்பிடப் போகிறோம் என்றான். அருணாவுக்குக் கிரீம் பிடிக்காது. ஆனாலும் ஊரே சாப்பிடப் போகிறது என்றதும் மனசு இளகிவிட்டது.

முட்டையை மட்டும் அவள் கடையில் வாங்குவதில்லை. சுப்பராயலுவின் நிலத்தில் களையெடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் வருகிற சின்னபொண்ணு, காலனியில் ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்த்தாள். அவளிடம்தான் வாங்குவாள். இந்தத் தடவை நாற்பது முட்டை வேண்டும் என்றாள். சின்னபொண்ணு பத்துப் பன்னிரண்டு நாள் சேர்த்து, வைக்கோலில் பொதித்து, விழுப்புரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். ஒன்றுகூட உடையவில்லை.

ஓவன் சின்னது என்பதால் ஆறு தடவை வைத்து எடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை முழுதும் அடுக்களையிலேயே நின்றாள் அருணா. முட்டை அடித்து அடித்துத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் குமரேசனைக் காரை மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் பந்தல் போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து, ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. வல்லரசின் கூட்டாளிகள் பதினைந்து இருபது பேர் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் போனால் பீர் வாடை அடித்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கேக்கை மேசையில் வைத்ததும் அருணா கத்தியைத் தேடினாள். வல்லரசு எங்கிருந்தோ ஒரு பட்டாக்கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிடியெல்லாம் துரு. அதை யாரும் கழுவவில்லை, துடைக்கக்கூட இல்லை. சுப்பராயலு மாலையோடு நின்று, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே கத்தியை இறக்கினார். வெள்ளைக் கிரீமில் செங்காவியாக ஒரு கோடு விழுந்தது.

முதல் துண்டை அவர் மனைவி செந்தாமரை வாயில் வைத்தார். அதோடு கேக்கைச் சாப்பிடுவது முடிந்துவிட்டது. வல்லரசு கை நிறைய அள்ளி அப்பா முகத்தில் அப்பினான். பிறகு ஆளாளுக்கு அள்ளினார்கள். சுப்பராயலுவின் மூக்குத் துவாரத்தில், காதுக்குள், மார்மயிரில் எல்லாம் கிரீம் வழிந்தது. மீசைக்கு அடித்திருந்த கறுப்புச் சாயம் அதில் கரைந்து, சாம்பல் நிறமாகி, கழுத்து வழியாக இறங்கியது. ஒருவன் அவர் கன்னத்தை விரலால் வழித்துத் தன் வாயில் வைத்துச் சப்பினான். இன்னொருவன் டப்பாவிலிருந்து நுரையைப் பீய்ச்சினான். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பிடித்துத் தேய்த்துக்கொண்டார்கள். மிச்சத்தைப் பந்து பிடித்து எறிந்தார்கள். கம்பளத்தில் விழுந்ததை மிதித்தார்கள். செருப்படியில் அப்பிய கேக்கோடு அங்கேயும் இங்கேயும் நடந்தார்கள். வெயிலில் கிரீம் உருகி, ஈ மொய்க்க ஆரம்பித்தது. தெருநாய் ஒன்று வந்து நக்கிப் பார்த்துவிட்டு, நுரை பட்டதும் தலையை உதறிக்கொண்டு போனது.

அருணா ஒரு தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள்கூட ஒரு துண்டை உட்கார்ந்து தின்னவில்லை.

எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு செந்தாமரை ஒரு தோசைத் திருப்பியை எடுத்து வந்து, மேசையில் சிதறிக் கிடந்ததை வழித்தாள். கம்பளத்தில் கிடந்ததையும் வழித்தாள். எதற்கு என்று அருணாவுக்கு முதலில் விளங்கவில்லை. குப்பைக்கு என்றுதான் நினைத்தாள். மல்லாட்டை பிடுங்க வந்த பொண்ணுங்க பின்வாசலில் நிற்கிறார்கள், பிறந்தநாளும் அதுவுமாக வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்றாள் செந்தாமரை. அவள் கேரி பேக்கை நீட்டினாள். அருணா அதை வாங்கி வாயை விரித்துப் பிடித்தாள். சொத்து சொத்தென்று உள்ளே விழுந்தது. நுரை, ஜிகினாக் காகிதம், ஒரு பல்குச்சி, நீளமாக ஒரு மயிர்.

"அக்கா, இதுல ஸ்ப்ரே எல்லாம் கலந்து கெடக்குது" என்றாள் அருணா.

"அவளுங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுடி. பைய நல்லா புடி."

அருணா நல்லா பிடித்தாள்.

பின்வாசலில் ஆறு பெண்கள் மண்ணும் சருகுமாக நின்றார்கள். முதலில் நின்றது சின்னபொண்ணு. செந்தாமரை கொடுத்த பையை வாங்கி ஒரு தடவை உள்ளே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, செந்தாமரைக்குப் பின்னால் நின்ற அருணாவைப் பார்த்தாள். முந்தானையால் பையை மூடிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று அருணாவால் ஒரு வாய் பிரியாணி இறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கைகளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுநாள் அடுக்களையில் எசென்ஸ் பாட்டில் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். குமரேசனிடம் சொன்னாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், விசேஷ வீட்டில் நாலும் நடக்கும், இதையெல்லாம் பெரிசு பண்ணாதே என்றான். என் முகத்திலும்தான் கிரீம் அப்பினார்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றான். அவன் சொல்லச் சொல்ல, அந்தக் கம்பளமும் ஈயும்தான் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதைவிட அதிகமாக, கேரி பேக்கின் காதைப் பிடித்திருந்த தன் பத்து விரல்கள் வந்தன.

வியாழக்கிழமை மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு சின்னக் கேக் செய்தாள். பழைய மாதிரி, கிரீம் இல்லாமல். டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஊரில் இறங்கி, மச்சாண்டார் சுப்பராயலு வீட்டுத் தெருவில் திரும்பாமல், நேரே காலனிக்கு நடந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. சின்னபொண்ணு வீடு எது என்று விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது.

சின்னபொண்ணு வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். அருணாவைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் அருணாவைவிடப் பத்து வயது மூத்தவள். இத்தனை நாளும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள் அருணா. இன்றைக்குப் பேர் வாயில் வரவில்லை. அக்கா என்றும் வரவில்லை.

"வாங்கம்மா. இன்னா இவ்ளோ தூரம்?"

அருணா டிபன் பாக்ஸை நீட்டி, கேக் செய்து கொண்டுவந்ததாகச் சொன்னாள். அன்றைக்கு நடந்தது தப்பு என்றும் சொன்னாள். சின்னபொண்ணு கையை நீட்டவில்லை.

"பத்து நாளா முட்ட கேட்டு அழுதுக்கினு இருந்துச்சும்மா எம்பொண்ணு. நம்ம முட்டைலதான் பெரியவருக்குக் கேக்கு செய்றாங்க, நமக்கும் ஒரு துண்டு வரும்னு சொல்லி வச்சிருந்தேன். வந்துச்சு. பைய நான் தூரப் போடறதுக்குள்ள கைய வுட்டு எடுத்து வாயில போட்டுக்கினா. மறுநாளு ஸ்கூல்ல ரெண்டு வாட்டி வாந்தி."

அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மிச்சத்தைக் குப்பைமேட்டில் கொட்டியதாகவும், கோழி போய்க் கொத்த ஆரம்பித்ததும் கோழியை எல்லாம் பிடித்துக் கூடையைப் போட்டுக் கவிழ்த்ததாகவும் சொன்னாள்.

"வேணாம்னு அங்கயே சொல்லியிருக்கலாமே" என்று அருணா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

"சொன்னா மறுநாளு வேலைக்குக் கூப்புட மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா? பைய நீங்கதான புடிச்சிக்கினு நின்னீங்க. நான் பாத்தேன்."

அருணா நின்றாள். காதுமடல் எல்லாம் எரிந்தது. மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தாள். சின்னபொண்ணு அதற்குள் உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"நீங்க மொதல்ல சாப்புடுங்க. இங்கயே ஒக்காந்து."

அருணா வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். வெனிலா வாசனை ஏறியதும் சாம்பல் நிறக் கழுத்தும், வழித்த கிரீமும், அந்த நீள மயிரும் ஒன்றாக நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டன. தொண்டை மேலே தள்ளியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பினால் இந்த வீட்டின் மீதே துப்பியதாக ஆகும் என்று பல்லைக் கடித்து மென்றாள். விழுங்கினாள். தண்ணீர் கேட்டாள். சின்னபொண்ணு சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் அதைக் குடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அருணா சொம்பில் வாய்வைத்து முழுதும் குடித்தாள். பிறகு இரண்டாவது துண்டையும் தின்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கலைப்பிரியா பையைக் கழற்றாமலே வந்து எட்டிப் பார்த்தாள். பத்து வயசுப் பெண். அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டிய பிறகு ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துக் கடித்தாள்.

"இதுல கிரீம் இல்லியா?"

"இல்ல" என்றாள் அருணா.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் அந்தப் பெண். சின்னபொண்ணு கடைசிவரை ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அருணாவும் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது, இனிமேல் முட்டையைக் கண்டாச்சிபுரம் சந்தையில்தான் போடப் போவதாக சின்னபொண்ணு சொன்னாள். சரி என்றாள் அருணா.

காலனி முனையில் டீக்கடை வைத்திருக்கும் பச்சைமுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அருணா பஸ்ஸில் விழுப்புரம் வந்து சேர்வதற்குள் செந்தாமரையின் போன் வந்துவிட்டது. அந்த வீட்டில் போய் உட்கார்ந்து தின்றாயாமே, தண்ணி குடித்தாயாமே என்றாள். ஆமாம் என்றாள் அருணா.

இரண்டு மாதம் கழித்து வல்லரசுக்குத் திண்டிவனத்தில் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தம் பற்றிப் பேச எல்லோரும் சுப்பராயலு வீட்டில் கூடினார்கள். நடந்தது எதுவும் நடக்காத மாதிரி, மூன்று அடுக்குக் கேக், சித்தி பார்த்துக்கொள்வாள் என்றான் வல்லரசு.

"நான் செய்ய மாட்டேன்" என்றாள் அருணா. "அன்னிக்கு நீங்கல்லாம் மிதிச்சத அக்கா வழிச்சாங்க, நான் பை புடிச்சேன். அத ஒரு புள்ள தின்னு வாந்தி எடுத்துச்சு. நெனச்சாலே எனக்குக் கொமட்டுது. உங்களப் பாத்தாலும் கொமட்டுது, என்னையப் பாத்தாலும் கொமட்டுது. இனிமே இந்த வீட்டு விசேஷத்துக்கு என் கையால கேக்கு வராது."

சுப்பராயலு சிரித்தார். ஒரு கேக்குக்கா இவ்வளவு பேச்சு, கடையில் கிடைக்காததா என்றார். செந்தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிச்சயதார்த்தம் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கேக் கடையிலிருந்து வந்தது, அவள் செய்வதைவிட உயரமாக. மாலையும் பட்டுமாக நின்றிருந்த கல்யாணப் பெண்ணின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் பிடித்துக்கொள்ள, வல்லரசு அவள் முகத்தில் கேக்கை அப்பித் தேய்த்தான். கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மூச்சு விடுவதற்காக மூக்கைச் சுரண்டிக்கொண்டாள். கண் மையோடு கிரீம் கலந்து தாடையில் சொட்டியது. அருணா மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தாள். மேடைக்குப் போய்த் தன் கைக்குட்டையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். பிறகு சாப்பாட்டுப் பந்தியைத் தாண்டி, நேரே வெளியே நடந்து காரில் போய் உட்கார்ந்தாள்.

கால் மணி நேரம் கழித்துக் குமரேசன் வந்தான். சாப்பிடாமலே வந்துவிட்டதாகச் சொன்னான். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை என்றான். அவன் சட்டைக் காலரிலும் காதோரத்திலும் இளஞ்சிவப்பாகக் கிரீம் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்து உள்ளே உட்காரப் போனான்.

"மொதல்ல போய்க் கழுவிக்கினு வாங்க" என்றாள் அருணா.

அவன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். விரலைப் பார்த்தான். மண்டபத்தின் பக்கவாட்டில் இருந்த குழாயடிக்குத் திரும்பி நடந்தான். குனிந்து நெடுநேரம் தேய்த்துக் கழுவினான். அருணா கண்ணாடியை இறக்கிவிட்டு அவன் வரும்வரை காத்திருந்தாள்.