அவள் நிறம்

காய்ச்சலில் போய்விட்ட என் மகளின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். யாரோ ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருய்யா இது?"

"உங்க பொண்ணுதாம்மா. கொஞ்சம் பளிச்சுனு ஆக்கியிருக்கேன். அவங்க எப்பவும் இப்படித்தானே கேப்பாங்க?"

கேட்பாள்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக இதே நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சுவாள். படத்தைப் பார்த்து வந்தவர்கள், ஆளைப் பார்த்ததும் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். "கலரைத் தவிர வேற ஒரு குறையும் இல்ல" என்று வாசலில் நின்று சொன்ன மகராசியும் உண்டு. என்னவோ தான் மட்டும் நிலாவிலிருந்து இறங்கி வந்தவள் போல.

"அவ நிறத்துலயே போட்டுக் குடுய்யா."

"அப்படி ஒரு படம்கூட எங்கிட்ட இல்லம்மா. எல்லாமே வெளுப்பாக்கினதுதான். வீட்டுல ஏதாவது இருக்கா?"

வீட்டிலும் இல்லை. பள்ளிக்கூடத்துப் படத்தில் முகம் முழுக்கப் பவுடர். அவளுடைய போனில் இருப்பதெல்லாம் போனே வெளுத்துக் கொடுத்த முகங்கள்.

வளையல்களை மேலே ஒதுக்கிவிட்டு, என் கையை அவருடைய கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

"இதான் அவ நிறம். அப்படியே என்னை உரிச்சு வச்சிருப்பா. அதுல எம்மேல அவளுக்குக் கோவம்கூட உண்டு."

அவர் என் கையைப் பார்த்துப் பார்த்து, அந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்க வைத்தார்.

"போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன். என் மகள் இன்னும் வரவில்லை.